டம்போ போஸ்டர்: 1941 அசலா, மறுவெளியீடா?

டம்போ டிஸ்னியின் 1941 கார்ட்டூன் படம். கையிலிருக்கும் போஸ்டர் அப்போது அச்சிட்டதா, பிறகு படத்தை மறுபடி திரையிட்டபோது அச்சிட்டதா என்று இப்படிப் பார்க்கலாம். முதலில் அளவு. அந்தக் கால அமெரிக்க ‘ஒன் ஷீட்’, அதாவது தியேட்டரில் வைக்கும் வழக்கமான போஸ்டர், 27 × 41 அங்குலம். 24 × 36 என்றால் வீட்டுச் சுவருக்காக அச்சிட்ட பிரதி. மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

அடுத்து விநியோகஸ்தர் பெயர். புவெனா விஸ்டா என்றிருந்தால் அது 1941 போஸ்டர் அல்ல. அந்த நிறுவனமே 1953-ல்தான் தொடங்கியது. 1941-ல் படத்தை விநியோகித்த ஆர்கேஓ பெயரைப் பார்த்ததும் துள்ளிவிடாதீர்கள். 1949 மறுவெளியீடும் அவர்களுடையதுதான், பலர் ஏமாறுவது இங்கேதான். அடி ஓரத்தில் ‘ஆர்’ (R) என்ற ஆங்கில எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருந்தால் மறுவெளியீடு உறுதி. ஆனால் ஓரத்தை வெட்டி எடுத்திருக்கலாம். அதனால்தான் அளவை முதலில் பார்க்கச் சொன்னது.

இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். தாள் முழுக்க நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி சேர்த்த தாள். அது 1950-க்குப் பிறகே பரவலானது. அங்கங்கே திட்டுத்திட்டாக மட்டும் வேறுபட்டுத் தெரிந்தால் பழுது பார்த்து வண்ணம் பூசிய இடம். மடிப்புக் கோடுகள் குறையல்ல. அன்று போஸ்டர்களை மடித்துத்தான் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். கோடு படமாக அச்சாகி, விரலுக்குத் தட்டுப்படாமல் இருந்தால்தான் சந்தேகம்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது. பசை தாளுக்குள் ஊறி மஞ்சள் கறையாகிவிடும். மெல்லிய, உறுதியான ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும், பிறகு ஈரம் காட்டிப் பிரித்தெடுக்கலாம். சட்டமிடும்போது கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விடுங்கள்.