தொங்கும் தோலுக்கு பாடி லிஃப்ட்: என் அனுபவம்

உடம்பு நிறைய இளைத்த பிறகு வயிற்றைச் சுற்றித் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. மடிப்புக்குள் வியர்வை தேங்கி அடிக்கடி புண்ணாகும். உடற்பயிற்சி தசையைத்தான் இறுக்கும். தளர்ந்து தொங்கும் தோலை அது சரிசெய்யாது. அதனால்தான் பாடி லிஃப்டுக்குப் போனேன்; இடுப்பைச் சுற்றித் தொங்கும் தோலை வெட்டி எடுத்து, மீதியை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை அது.

இது எடை குறைக்கும் சிகிச்சை அல்ல. எடை 6 மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்கட்டும் என்று மருத்துவர் காத்திருக்க வைத்தார், அது சரியான முடிவு. ரத்தத்தில் இரும்புச்சத்தும் புரதமும் பார்த்தார்கள்; இவை குறைந்தால் காயம் ஆறத் தாமதமாகும். புகைப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். நிக்கோட்டின் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதற்கப்புறம் செய்துகொள்வதே நல்லது.

தழும்பைப் பற்றி நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக வரும், மங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். வழக்கமான உள்ளாடையைப் போட்டுக்கொண்டு, கோடு எங்கே வரும் என்று வரைந்து காட்டச் சொன்னேன்.

முதல் நாட்களில் நிமிர்ந்து நடக்க முடியாது. தோலுக்கடியில் வைத்த குழாயில் சேரும் நீரை அளந்து எழுத வேண்டும். சிவப்பாக வந்தது மெல்ல வெளிர்மஞ்சளானது. குனிந்தபடியாவது சீக்கிரம் நடங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது அவசியம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மடிப்புப் புண் எனக்கு இப்போது வருவதில்லை.