அரமேயத்தில் பாடுகளின் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவக்காலம் வந்தால் வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்து இளைஞர்கள், இயேசு சிலுவை வரை பட்ட துன்பங்களைச் சொல்லும் பாடுகளின் நாடகத்துக்குத் தயாராவார்கள். இப்போது கையில் கேமரா இருப்பதால், அதையே குறும்படமாக, இயேசு பேசிய அரமேய மொழியிலேயே எடுத்தால் என்ன என்ற ஆசையும் வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் பழைய மொழியைப் படத்துக்கு ஒரு அலங்காரமாக நினைத்தால் முதல் காட்சியிலேயே சறுக்கும். அது ஒரு காலத்தில் சந்தையிலும் படகிலும் மனிதர்கள் சண்டை போட்டுப் பேசிய மொழி.

யார் யாரிடம் என்ன மொழியில் பேசுவார்கள் என்று யோசிக்காமல் வசனத்துக்குப் போவதுதான் பெரிய தவறு. 2004-ல் வந்த மெல் கிப்சனின் ‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ அரமேயம், எபிரேயம், லத்தீன் என மூன்றில் ஓடியது. இயேசு சபைக் குரு வில்லியம் ஃபுல்கோ வசனங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார். பெரிய உழைப்பு. ஆனால் அதில் கிரேக்கம் இல்லை. ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் ஊருக்கு ஊர் பொதுமொழியாக இருந்தது கிரேக்கம்தான். சிலுவையின் மேல் வைத்த பலகையே எபிரேயம், லத்தீன், கிரேக்கம் மூன்றிலும் எழுதப்பட்டிருந்தது என்று யோவான் 19:20 சொல்கிறது. யூதேயாவில் இருந்த துணைப்படை வீரர்கள் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்கள் தங்களுக்குள் லத்தீன் பேசியிருக்க வாய்ப்பு குறைவு. ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவை விசாரிக்கும் காட்சிக்கும் கிரேக்கமே பொருந்தும். லத்தீன் வேண்டுமென்றால் அதிகாரபூர்வமான கட்டளைக்கு வையுங்கள். அப்போதும் பழைய லத்தீன் பூசைப் பாட்டு தெரிந்த பெரியவர்களின் உச்சரிப்பை அப்படியே எடுக்க வேண்டாம். ‘எச்சே ஓமோ’ (இதோ மனிதன்) என்பது பிற்காலத் திருச்சபை வழக்கு. பிலாத்துவின் காலத்தில் அது ‘எக்கெ ஹொமோ’.

அடுத்து, எல்லாரையும் ஒரே மாதிரி பேச வைப்பது. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, ஏனென்றால் கதையின் உயிரே இங்கே இருக்கிறது. சீடரான பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கும்போது, ‘உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறதே’ என்கிறார்கள் (மத்தேயு 26:73). கலிலேயா மீனவன் எருசலேமில் வாயைத் திறந்ததும் ஊர் தெரிந்துவிடுகிறது. காசிமேட்டுக்காரர் மயிலாப்பூரில் போய்ப் பேசினால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கலிலேயர்கள் தொண்டை எழுத்துகளைச் சரியாகப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள் என்று பிற்கால யூத ரபிகள் கேலி செய்திருக்கிறார்கள். கழுதையா, திராட்சைரசமா, கம்பளியா, ஆட்டுக்குட்டியா, எதைக் கேட்கிறாய் என்று கேட்பார்களாம், அந்த நான்கு சொல்லும் கலிலேயர் வாயில் ஒன்றுபோலவே ஒலித்ததால். ஆகவே சீடர்களுக்குத் தொண்டை ஒலியைத் தளர்த்திவிடுங்கள். தலைமைக் குருவின் வீட்டு ஆட்களுக்கு அழுத்தமாக வையுங்கள். அந்த ஒலி வராத நடிகர்களுக்குச் சீடர் வேடம் கொடுத்துவிடலாம், சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

சரி, ஒலியை எங்கே கற்பது? சுவிசேஷத்தில் இருக்கும் அரமேயச் சொற்களைத் தமிழ் பைபிளிலிருந்து அப்படியே படிப்பது போதாது. அவை கிரேக்க எழுத்து வழியாக வந்தவை. கிரேக்கத்தில் ‘ஷ’ கிடையாது. அதனால்தான் ‘ஷவக்தனி’ (என்னைக் கைவிட்டாய்) போன்ற சொல் ‘சபக்தானி’ ஆனது. நடுவில் வரும் ‘க்’ கூட அடித்தொண்டையிலிருந்து வரவேண்டும். மண்ணடிப் பக்கம் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் ஹஜ்ரத் ஒருவரிடம் மரியாதையோடு போய்க் கேளுங்கள். இந்த ஒலிகள் அரபியிலும் இருப்பதால், நாக்கை எங்கே வைப்பது, தொண்டையை எப்படி இறுக்குவது என்று அவரால் காட்ட முடியும். கேரளத்துச் சுரியானி சபைகளின் பழைய வழிபாட்டு மொழியான சுரியானி அரமேயத்தின் ஒரு கிளைதான். ஆனால் அது எதேசா நகரத்து வழக்கு. அதைக் கலிலேயாப் பேச்சு என்று சொல்லிவிடக் கூடாது.

வசனத்தைச் சாதாரணத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னொரு வம்பு. ‘அப்பா’ என்று எழுதினால் நம் பையன்கள் தமிழ் அப்பாவைத்தான் சொல்வார்கள். அரமேயத்தில் அது மெல்லிய ப. சுலோகப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று எண் போடுவார்களே, அதே முறையில் ‘அப்³பா³’ என்று எழுதிக் கொடுங்கள். கூடவே மொழி தெரிந்தவர் பேசிய ஒலிப்பதிவை எல்லாருடைய போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

நம் படப்பிடிப்பில் பிராம்ப்ட் செய்வது, அதாவது பக்கத்திலிருந்து வசனத்தை எடுத்துக்கொடுப்பது, பழக்கம். அர்த்தம் தெரியாத மொழியில் அது நடிப்பைக் கொன்றுவிடும். கண் உதவி இயக்குநரைத் தேடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழ் எழுதி, அழுத்தம் விழும் சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். ‘எனக்குத் தெரியாது’ என்பதில் நமக்கு மறுப்பு கடைசியில் வரும். அரமேயத்தில் ‘லா’ என்று முன்னாலேயே வந்துவிடும். பேதுருவின் முகம் அந்த ‘லா’விலேயே மாற வேண்டும், வாக்கியம் முடிந்தபின் மாறினால் டப்பிங் படம் மாதிரித் தெரியும்.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி ஓயாது, ஆகவே டப்பிங் தவிர்க்க முடியாது. அதற்காக பைலட் டிராக் (படப்பிடிப்பிலேயே வழிகாட்டியாகப் பதியும் ஒலி) எடுக்காமல் விடாதீர்கள், உதடு பொருந்தாது. காசிமேட்டு அலையை கலிலேயாக் கடல் என்று காட்டவும் வேண்டாம். அது நன்னீர் ஏரி.

சப்டைட்டிலில் பைபிள் வசனத்தை முழுதாக ஏற்றினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கத்தோலிக்கர், சீர்திருத்த சபையினர் இரு தரப்பும் பார்ப்பார்கள் என்றால், கர்த்தரா ஆண்டவரா என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். கிப்சன் ஆரம்பத்தில் சப்டைட்டிலே இல்லாமல் வெளியிட நினைத்தவர். எடிட்டிங் முடியும் முன் நீங்களும் ஒருமுறை அப்படிப் போட்டு, உங்கள் கோயில் பங்கில் உள்ள பாட்டிகளுக்குக் காட்டுங்கள். அவர்கள் எந்த இடத்தில் ‘என்ன சொல்றாரு?’ என்று கேட்கிறார்களோ, முதலில் அந்த இடங்களுக்கு எழுதுங்கள்.