ஐஸ் ஹாக்கி மட்டை: பி92-லிருந்து பி28-க்கு மாறும்போது

பி92, பி28 என்பவை பிளேடின், அதாவது மட்டையின் அடியில் பக்கை (ரப்பர் வட்டை) அடிக்கும் பகுதியின், வளைவு வகைகள். பி28-க்கு மாறிய புதிதில் பக் கோல் கம்பிக்கு மேலே பறக்கும். பயப்பட வேண்டாம். இதில் வளைவு நுனியில் இருக்கிறது, பிளேடின் முகமும் நன்றாகத் திறந்திருக்கிறது. அதனால் பக்கை நுனிக்கு அருகில் வைத்து, மணிக்கட்டை உருட்டி, அடித்து முடிக்கும்போது மட்டையைத் தாழ்வாகவே நிறுத்துங்கள். இழுத்துச் சட்டென்று விடும் ரிஸ்ட் ஷாட்டுக்கு அருமையான வளைவு இது! ஆனால் பிளேடின் பின்பக்கத்தால் கொடுக்கும் பேக்ஹேண்ட் பாஸ் தடுமாறும். அதைத் தனியாகவே பழக வேண்டும். தட்டையான பாஸ்தான் முக்கியம் என்றால் என் ஓட்டு பி88 வளைவுக்கு.

அப்புறம், பழைய மட்டையின் பிளேடில் சுற்றிய டேப்பைப் பாருங்கள். குதிப் பக்கம் (பிளேடு தண்டோடு சேரும் முனை) மட்டும் தேய்ந்திருந்தால் லை எண் (தண்டுக்கும் பிளேடுக்கும் இடையிலான கோணத்தைக் குறிக்கும் எண்) குறைந்த மட்டை வாங்குங்கள், நுனி மட்டும் தேய்ந்திருந்தால் கூடிய எண்.