குளக்கட்டிலிருந்து சூப்பர்நோவா

இரணைமடுக் குளக்கட்டு நல்ல இருட்டுத்தான். ஆனால் வடக்கே கிளிநொச்சி வெளிச்சம் கிளம்பி நிற்கும். 2023 மே மாதம் எம்101 விண்மீன் மண்டலத்தில் வெடித்த சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன், அந்தத் திசையில்தான் இருந்தது. வட வானத்துக்கு வவுனிக்குளமே மேல், யானைப் பயம் இல்லாதவர்களுக்கு.

சூப்பர்நோவாவைத் தேட, நீங்கள் எடுத்த படத்தை அதே மண்டலத்தின் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். புதிய புள்ளி மறுநாளும் நகராமல் இருந்தால் சிறுகோள் அல்ல. மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கீறிய கண்ணாடியைக் கேமராவின் முன் பூட்டினால் புள்ளிக்குப் பக்கத்தில் மங்கலான நிறமாலைப் பட்டை, அதாவது ஒளி நிறம் நிறமாகப் பிரிந்த பட்டை, விழும். அது மண்டலத்தின் ஒளிமேல் படியாதவாறு கண்ணாடியைத் திருப்புங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுதான். வேகா விண்மீனின் ஐதரசன் கோடுகளை வைத்து பட்டையின் அலைநீள அளவுகோலைச் சரிசெய்யுங்கள். 656 நானோமீட்டர் அருகே அகன்ற ஐதரசன் மேடு எழுந்தால் அது இரண்டாம் வகைச் சூப்பர்நோவா. ஐதரசனே இல்லாமல் 615 அருகே சிலிக்கன் பள்ளம் விழுந்தால் ஒன்று-ஏ வகை, வெடித்தது வெண்குறுமீன், அதாவது எரிந்து முடிந்த விண்மீனின் அடர்ந்த எச்சம்.

எக்ஸ்-கதிர் நோவா வேறு: கருந்துளை போன்ற ஒன்று துணை விண்மீனின் வாயுவை இழுக்கும்போது திடீரெனப் பொங்குவது. அதற்குச் செயற்கைக்கோள் அறிவிப்பையே நம்ப வேண்டும். அக்கதிர்கள் தரைக்கு வருவதில்லை. 2015 ஜூனில் வி404 சிக்னி என்ற கருந்துளை இணை பொங்கியபோது அதன் ஒளி மணிக்கணக்கில் ஏறி இறங்கியது. அத்தகையதை ஒரே படத்தோடு விடாமல் இரவு முழுதும் தொடர்ந்து எடுங்கள்.