படகின் இடுக்கில் ட்ரில் பிடிக்கும்போது செய்யக்கூடாதவை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். பழுது, பெயின்ட், புது வயரிங், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், படகின் அடிக்குழியில் (பில்ஜ்) தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் என்று வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் வந்து குவியும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும் ஃபைபர் படகு வைத்திருப்பவர்களும் அந்த நேரத்தில்தான் ஆள் தேடி வருவார்கள். வேலை குவிந்தால் புதுப் பையன்களும் வருவார்கள். வீட்டு வயரிங் பார்த்தவர்கள், ஏசி மாட்டிப் பழகியவர்கள், நல்ல கை உள்ளவர்கள். ஆனால் செங்கல் சுவரில் ஓட்டை போட்டுப் பழகிய கைக்குப் படகு பிடிபட நாளாகும். நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறேன், அதனால்தான் இது.

கண்ணாடி போடு, கூர்மையான பிட் வை, சென்டர் பஞ்ச் அடி என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

மறுபக்கம் பார்க்காமல் பிட் வைப்பது

டீசல் டேங்க், வயர், ஹோஸ், கடல். நான்கில் ஒன்று அங்கே இருக்கும்.

பிட்டின் நீளத்தை நம்புவது

இடுக்கில் கை எட்டவில்லை என்றதும் எல்லோரும் எடுப்பது ஒரு அடி நீள பிட். எட்டுகிறது, சரி. ஆனால் ஃபைபர் ஓடு சில மில்லிமீட்டர்தான். தடுப்புப் பலகையைத் தாண்டிய வேகத்தில் பிட் உள்ளே பாய்ந்து படகின் வெளித்தோலையே துளைத்துவிடும், நீங்கள் உடம்பின் எடையை வேறு அதன்மேல் சாய்த்திருப்பீர்கள். பிட்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைப்பது போதாது. சூட்டில் டேப் நகர்ந்துவிடும், இருட்டான மூலையில் அது கண்ணுக்கும் தெரியாது. பிட்டை விடக் கொஞ்சம் பெரிய பிவிசி குழாய்த் துண்டை நறுக்கி பிட்டின் மேல் மாட்டிவிடுங்கள். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவு மட்டும் பிட் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். குழாய் பலகையில் முட்டியதும் தானாக நிற்கும்.

ட்ரில் நுழையாத இடத்தில் சாய்த்துப் போடுவது

மிஷினின் உடம்பு, சக், பிட் எல்லாம் சேர்ந்தால் ஒரு அடிக்கு மேல் வரும். இடைவெளி அரை அடி. அப்போது எல்லோரும் செய்வது, மிஷினைக் கொஞ்சம் சாய்த்து, "சமாளிச்சுக்கலாம்ணே" என்று ஓட்டுவது. ஓட்டை சாய்ந்தால் போல்ட்டும் சாய்கிறது, வாஷர் ஒரு ஓரத்தில் மட்டும் உட்காருகிறது, மறு ஓரத்தின் இடைவெளியில் தண்ணீர் இறங்குகிறது. எவ்வளவு இறுக்கினாலும் அந்த வாஷர் முழுதாகப் படியாது, இன்னும் இறுக்கினால் ஃபைபர்தான் நசுங்கும்.

பிட்டை மிஷினுக்குக் குறுக்காகத் திருப்பிப் பிடிக்கும் ரைட் ஆங்கிள் அட்டாச்மென்ட் ஒன்று வாங்குங்கள். அதில் அறுகோண அடி உள்ள குட்டை பிட் போட்டால் உள்ளங்கை அகல இடத்திலும் வேலை நடக்கும். அது கையில் இல்லையா, இடுக்குப் பக்கமிருந்து 3 மி.மீ. பிட்டில் ஒரு வழிகாட்டித் துளை மட்டும் நேராகப் போட்டுவிட்டு, வெளியே வந்து, விசாலமான பக்கத்திலிருந்து பெரிய பிட்டை விடுங்கள். மெல்லிய பிட்டை நேராகப் பிடிக்கக் கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். செல்போன் கேமராவை ஆன் செய்து பக்கத்தில் சாய்த்து வைத்தால் நேராகப் போகிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டே ஓட்டலாம்.

கை எட்டாததால் போல்ட்டை விட்டு ஸ்க்ரூ போடுவது

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கதை எப்போதும் ஒன்றுதான். பின்னால் வெளியே அவுட்போர்டு என்ஜின் மாட்டிய ஃபைபர் படகு, பின்பலகையில் எக்கோ சவுண்டரின் டிரான்ஸ்டியூசர், அதாவது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் பாகம், மாட்ட வேண்டும். உள்பக்கம் எண்ணெய் டேங்கும் பெட்டிகளும் அடைத்துக்கொண்டிருக்கும், நட்டு போடக் கை போகாது. அதனால் வெளியிலிருந்து நாலு ஸ்க்ரூ, தலையைச் சுற்றிக் கொஞ்சம் சிலிக்கான், முடிந்தது. அரைமணி நேர வேலை. படகுக்காரருக்கும் சந்தோஷம், திரையில் அடிக்கடல் தெரிகிறது.

அந்தப் பின்பலகை முழுக்க ஃபைபர் இல்லை. அநேகப் படகுகளில் வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பிளைவுட். என்ஜினின் எடையையும் தள்ளும் விசையையும் தாங்குவது அந்தப் பிளைவுட்தான். ஸ்க்ரூ போட்ட இடமோ நீர்மட்டத்துக்குக் கீழே. என்ஜின் ஓடும்போதெல்லாம் பிராக்கெட் அதிரும், மாதக்கணக்கில் அதிர்ந்தால் சிலிக்கான் விளிம்பு விட்டுவிடும், ஸ்க்ரூவின் மரை வழியே தண்ணீர் உள்ளே போகும். பச்சையாக வெட்டுப்பட்ட பிளைவுட் விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல அதைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஃபைபர் மூடியிருப்பதால் உள்ளே போனது காயவும் வழி இல்லை. வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு படகைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். "என்ஜின் லேசா ஆடுதுண்ணே, போல்ட்டை மட்டும் இறுக்கிக் குடுங்க" என்றார் படகுக்காரர். இறுக்க இறுக்க நட்டு சுற்றிக்கொண்டே இருந்தது, வாஷர் பலகைக்குள் புதைந்துகொண்டே போனது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று சொல்லும், இது சொத்தென்று சொன்னது. டிரான்ஸ்டியூசரின் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றியதும் அந்த ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்தது. நாற்றம் வேறு. அப்புறம் என்ஜினை இறக்கி, உள்பக்க ஃபைபரை வெட்டியெடுத்து, களிமண் மாதிரி ஆகியிருந்த மரத்தைச் சுரண்டி, புது மரைன் பிளைவுட் வைத்து, மேட், ரோவிங் என்ற கண்ணாடியிழை விரிப்புகளைப் போட்டு மூடி, அது காய்ந்து திரும்பப் படகு கடலுக்குப் போவதற்குள் நல்ல மீன்பாடு இருந்த நாட்கள் எல்லாம் போய்விட்டன. அந்த வீட்டில் அந்தப் படகு ஒன்றுதான் வருமானம். ஸ்க்ரூ போட்டவரை நான் யாரென்று கேட்கவில்லை. அவர் தெரிந்து செய்திருக்க மாட்டார், யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சரி, எப்படிச் செய்வது? முதல் வழி, ஓட்டையே போடாமல் இருப்பது. 20 மி.மீ. தடிமனில் ஒரு ஃபைபர் கட்டையைச் செய்து, பின்பலகையின் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, எபாக்சியில் கட்டையை ஒட்டிவிடுங்கள். பிராக்கெட்டை அந்தக் கட்டையில் மாட்டுங்கள், ஸ்க்ரூ கட்டையின் தடிமனைத் தாண்டக் கூடாது. சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகையை வெட்டி ஒட்டப் பார்ப்பவர்கள் உண்டு, அது எபாக்சியில் ஒட்டாது, முதல் அலையிலேயே கழன்று போகும்.

இரண்டாவது வழி, ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் மரத்தைத் தண்ணீரிடமிருந்து பிரித்துவிடுவது. 6 மி.மீ. போல்ட் என்றால் முதலில் 12 மி.மீ.யில் ஓட்டை போடுங்கள், மேல் தோலும் மரமும் மட்டும், கடைசித் தோலை விட்டுவிடுங்கள். ஓட்டையை நன்றாகக் காயவைத்து, கெட்டியாகக் குழைத்த எபாக்சியைக் காற்றுக் குமிழி இல்லாமல் அடியிலிருந்து நிரப்புங்கள். மறுநாள் அதன் நடுவில் 6 மி.மீ. துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி முழுக்க எபாக்சி, ஒருவேளை இடைவெளியை அடைக்கும் சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. நிரப்புவதற்குப் பாலியெஸ்டர் ரெசினை எடுக்காதீர்கள், காயும்போது சுருங்கும், மரத்தில் பிடிப்பும் குறைவு. சீலன்ட் பாலியூரித்தேன் வகையாக இருக்கட்டும். வீட்டுக் குளியலறைக்குப் போடும், புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் படகில் வேண்டாம். அது உலோகத்தை அரிக்கும். அது பட்ட இடத்தில் பிறகு ரெசினோ பெயின்ட்டோ சரியாகப் பிடிக்காது, உங்களுக்குப் பின்னால் வேலை பார்ப்பவர் அவதிப்படுவார்.

இரண்டாவது வழிக்கு மறுநாளும் வர வேண்டும், டேங்கைக் கழற்றிக் கை போக வழி செய்ய வேண்டும், கூலி கூடும். அதைப் படகுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இல்லப்பா, சீக்கிரம் முடிச்சுக் குடு" என்று அவசரப்படுத்தினால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நீர்மட்டத்துக்கு மேலே என்றால் பரவாயில்லை என்று நினைக்கவும் வேண்டாம். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்குக் கடல்நீரை விட மழைநீர்தான் வசதி. தளத்தில் ஆன்டெனா, படகு இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர், விளக்கு என்று போட்ட ஸ்க்ரூ ஓட்டைகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்யும் வேலையை அடுத்த கோடையில் காலை வைத்தாலே தெரிந்துகொள்ளலாம், தளம் அமுங்கும்.

இன்னொன்று. ஓட்டை போடும்போது பிட்டில் சுற்றிக்கொண்டு வரும் தூளைக் கவனியுங்கள். வெளிறி, காய்ந்து வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்து ஈரமாக வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் படகுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மேற்கொண்டு போட்டு மூடிவிட்டு வந்தால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

மிதவை அறையில் துளை

ஃபைபர் படகின் ஓரத்தில் மூடிக் கிடக்கும் அறைகளுக்குள் ஃபோம் நிரப்பியிருப்பார்கள், கவிழ்ந்தாலும் படகு மூழ்காமல் இருக்க. அதில் ஸ்க்ரூ போடாதீர்கள். விசைப்படகின் ஐஸ் அறைச் சுவரும் அப்படித்தான், உள்ளே ஃபோம் நனைந்தால் ஐஸ் நிற்காது.

ஹோல் சாவை இடுக்கில் ஒரு கையால் பிடிப்பது

பெரிய ஓட்டைக்கு, வட்டமாக அறுக்கும் ஹோல் சா போடும்போது அது கடித்துக்கொண்டு சட்டென்று நிற்கும். சா நின்றால் மிஷின் சுற்றும். வெளியே என்றால் மணிக்கட்டு வலிக்கும், அதோடு போயிற்று. இடுக்கில் மிஷினுக்கும் என்ஜினுக்கும் நடுவில் உங்கள் விரல்கள் இருக்கும். தொடங்கும் முன்பே மிஷின் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து, அதன் கைப்பிடி ஏதாவது சட்டத்தில் முட்டி நிற்கிற மாதிரி வையுங்கள், கை மறுபக்கம் இருக்கட்டும். கியர் குறைந்த வேகத்தில். கிளட்ச் உள்ள மிஷின் என்றால் அதைத் தளர்வாக வையுங்கள். ஜெல்கோட் (ஃபைபரின் வெளிப்பக்கப் பளபளப்புப் பூச்சு) பக்கமிருந்து தொடங்கினால் முதல் சில சுற்று ரிவர்சில் ஓட்டி, ஜெல்கோட் அறுபட்டதும் நேராகத் திருப்புங்கள், விளிம்பு சில்லு சில்லாகப் பெயராது.

கரன்ட் மிஷினை என்ஜின் ரூமுக்குள் இறக்குவது

பேட்டரி ட்ரில் போதும். ஈரத்தில் 230 வோல்ட் வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஒயரை நீட்டாதீர்கள்.

பெட்ரோல் வாடை இருக்கும்போது

எந்த ட்ரில்லும் வேண்டாம். மோட்டாரின் பொறி ஒன்று போதும். காற்றோட்டம் விட்டு, வாடை முழுக்கப் போன பிறகு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேகம்

304, 316 ரகம் இரண்டுமே பிட் வெட்டாமல் தேய்த்தால் இறுகும். வேகமாக ஓட்டி, அழுத்தாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் கல்லாகிவிடும், அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. கோபால்ட் பிட், குறைந்த வேகம், நல்ல அழுத்தம், சொட்டுச் சொட்டாக எண்ணெய். மேல்நோக்கிப் படுத்துக்கொண்டு போடும் இடங்களில் அழுத்தம் கொடுக்க முடியாது, அங்கே முடிந்தால் அந்தத் தகட்டைக் கழற்றி வெளியே எடுத்துவந்து போடுங்கள்.

இரும்புத் தூளை விட்டுவிட்டு வருவது

மறுநாள் காலையில் வெள்ளைத் தளம் முழுக்கத் துருப்புள்ளி. பில்ஜில் விழுந்த சுருள் துண்டு பம்ப்புக்குள்ளும் போகும். பிட் வைக்கும் முன் கீழே ஈரத்துணியை விரித்துவிடுங்கள், வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டு மூலையெல்லாம் தடவி எடுங்கள். ஃபைபர் தூளுக்கு வேக்குவம் கிளீனர்தான், வாயால் ஊதக் கூடாது.