ஜிரோ, டூர் மாதிரி ரேஸ் தொடங்கும் முன்னாடி யாரு ஜெயிப்பான்னு லிஸ்ட் போடுறது எப்படி

மூணு வார சைக்கிள் ரேஸுக்கு முன்னாடி லிஸ்ட் போடுறவங்க பெரும்பாலும் பேருல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. போன வருஷம் யாரு ஜெயிச்சான், இந்த வருஷம் யாரு ஃபார்ம்ல இருக்கான், அவனுக்கு அஞ்சு ஸ்டார் இவனுக்கு நாலு ஸ்டார், முடிஞ்சுது ப்ரிவ்யூ. நான் சொல்றது அப்படியே தலைகீழ். பேரை கடைசியா எழுதுங்க. முதல்ல ரோடு, அப்புறம் டீம், அப்புறம் ஆளு எந்த நிலைமைல வர்றான், இதெல்லாம் பாத்துட்டு எழுதினா லிஸ்ட்டே வேற மாதிரி வரும். உதாரணத்துக்கு 2025 ஜிரோ டி இத்தாலியாவ எடுத்துக்கலாம், ஏன்னா அந்த ரேஸ்ல ஆளாளுக்கு போட்ட லிஸ்ட் எல்லாம் கிழிஞ்சு தொங்குச்சு, ஆனா அதுக்கான க்ளூ பாதிக்கு மேல ரேஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே நம்ம கண்ணு முன்னாடிதான் கெடந்துச்சு.

புதுசா பாக்குறவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி. ஜிரோ, டூர் டி ஃப்ரான்ஸ், வுவெல்டா மூணுலயும் 21 ஸ்டேஜ், டீமுக்கு 8 பேர், ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தை கூட்டிக்கிட்டே வருவாங்க, கடைசில யாரு மொத்த நேரம் கம்மியோ அவன்தான் சாம்பியன். இதத்தான் ஜிசின்னு சொல்றாங்க. ஸ்டேஜ் ஜெயிக்கிறது வேற, ரேஸ் ஜெயிக்கிறது வேற. 2025 ஜிரோவ ஜெயிச்ச சைமன் யேட்ஸ் அந்த மூணு வாரத்துல ஒரு ஸ்டேஜ் கூட ஜெயிக்கல.

சரி, ரோடு. ஸ்டேஜ் ப்ரொஃபைல் எல்லாம் பல மாசம் முன்னாடியே வெளிய வந்துடும், அதுல முதல்ல தேட வேண்டியது தனி டைம் ட்ரயல் (ஒவ்வொருத்தனா தனியா நேரத்தோட போட்டி போட்டு ஓட்டுறது) மொத்தம் எத்தனை கிலோமீட்டர்ங்கிறது. 2012 டூர்ல ப்ரோலாக்கையும் (தொடக்க நாள் குட்டி டைம் ட்ரயல்) சேத்து 100 கிலோமீட்டருக்கு மேல இருந்துச்சு, ட்ராக் சைக்கிளிங்ல ஒலிம்பிக் தங்கம் வாங்கின பிராட்லி விக்கின்ஸ் ஜெயிச்சார். 2023 டூர்ல மொத்தமே 22.4 கிலோமீட்டர்தான், அதுவும் மேட்டுல முடியுறது. இந்த ரெண்டு ரேஸுக்கும் ஒரே லிஸ்ட் போட முடியுமா சொல்லுங்க. சமதள டைம் ட்ரயல்ல மொத்த பவரும் காத்தை கிழிச்சிட்டு போற பொசிஷனும்தான் பேசும், 80 கிலோ ஆளு கூட ராஜா மாதிரி போவான், மலைல ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் தர்றான்ங்கிற கணக்குதான், அங்க அதே ஆளு கடைசி குரூப்ல மூச்சு வாங்கிட்டு வருவான்.

அடுத்தது மலை. எத்தனை மலைன்னு எண்ணுறது பெருசா உதவாது, எவ்வளவு செங்குத்து, ஸ்டேஜ் எங்க முடியுது, மூணு வாரத்துல அது எத்தனாவது நாள்ல வருதுன்னு பாக்கணும். 5 சதவீதம் 6 சதவீதம் ஏத்தம்னா வேகம் கொஞ்சம் இருக்கும், முன்னாடி போறவன் காத்தை மறைக்கிறதுல பின்னாடி வர்றவனுக்கு லாபம் இருக்கும், அதனால பலமான டீம் நாலு பேரை முன்னாடி விட்டு இழுத்துக்கிட்டே போனா யாராலயும் அட்டாக் பண்ண முடியாது. 9, 10 சதவீதம் வந்துட்டா வேகம் இறங்கிடும், டிராஃப்ட்ல, அதாவது முன்னாடி போறவன் மறைவுல போறதுல, பெருசா ஒண்ணும் கிடைக்காது, அங்க ஒத்தைக்கு ஒத்தைதான். ஆனா அந்த செங்குத்து மலைக்கு அப்புறம் ஒரு இறக்கமும் பள்ளத்தாக்கும் இருந்தா மறுபடியும் டீம் ஆளு தேவைப்படும், இத நிறைய பேரு மறந்துடுறாங்க.

இப்ப ஜிரோவுக்கு வர்றேன். 2025 ரூட்ல ரெண்டு ஸ்டேஜ் மேல சிவப்பு பேனால வட்டம் போட்டிருக்கணும். ஒண்ணு 9ஆவது ஸ்டேஜ், குப்பியோல இருந்து சியெனா, கடைசி பகுதில தூசி பறக்குற மண் ரோடு. அங்க விழுந்தாலோ டயர் போனாலோ மலைல பண்ண வேண்டிய வேலை எல்லாம் வீணாகும். இன்னொண்ணு 20ஆவது ஸ்டேஜ், அதாவது ரேஸ் முடியுற ரோம் போறதுக்கு முந்தின நாள், கோல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே மலை. 18.5 கிலோமீட்டர், சராசரி 9 சதவீதத்துக்கு மேல, கடைசி 8 கிலோமீட்டர் தாரே கிடையாது வெறும் மண்ணு, உச்சி 2178 மீட்டர். அதோட முடியல, உச்சில இருந்து இறங்கி மறுபடியும் செஸ்ட்ரியேரேக்கு ஏறணும். ரேஸ்ல கடைசியா நேரம் மாறுற இடம் அதுதான், அதனால இந்த ஒரு நாள்ல யாரு என்ன பண்ண முடியும்ங்கிற கேள்விய வச்சே பாதி லிஸ்ட்ட எழுதியிருக்கலாம்.

ரேஸுக்கு முன்னாடி பெரிய பேரு ரெண்டு. ப்ரிமோஷ் ரோக்லிச், அந்த வருஷம் கட்டலூன்யாங்கிற ஒரு வார ரேஸை ஜெயிச்சுட்டு வந்தார். ஹுவான் அயுசோ, அதே மாதிரி டிர்ரேனோ அட்ரியாட்டிகோ ரேஸை ஜெயிச்சுட்டு வந்தார். பேப்பர்ல தப்பே சொல்ல முடியாத தேர்வு. ரெண்டு பேருமே சியெனா மண் ரோட்டுல நேரம் இழந்தாங்க, ரோக்லிச்சுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல போச்சு, கடைசில ரெண்டு பேருமே ரோம் வரைக்கும் வரல. ரோக்லிச் விஷயத்துல இது அதிர்ச்சியா? 2021, 2022, 2024 மூணு டூர்லயும் பாதில விலகினவர் அவர். நாலு வுவெல்டா, ஒரு ஜிரோ ஜெயிச்ச ஆளுதான், எனக்கு ரொம்ப பிடிச்ச ரைடரும் கூட, ஆனா லிஸ்ட் போடுறப்ப பிடிச்சவன் பிடிக்காதவன் பாத்தா வேலைக்கு ஆகாது. கீழ விழுந்த ஹிஸ்டரியும் ஃபார்ம் மாதிரியே ஒரு டேட்டாதான். துரதிர்ஷ்டம்னு ஒதுக்கிடாதீங்க, கூட்டத்துல எங்க நிக்கிறான், நெருக்கடியான ரோட்டுல முன்னாடி இருக்கானா நடுவுல மாட்டிக்கிறானா, இதெல்லாம் அவனோட திறமைல சேர்ந்ததுதான்.

டீம் விஷயத்துக்கு கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கோங்க, ப்ரிவ்யூல எல்லாரும் ஒரு வரில தாண்டுற இடம் இது. 8 பேர் பேரையும் எழுதி ஒவ்வொருத்தனும் எந்த மாதிரி ரோட்டுல வேலை செய்வான்னு பக்கத்துல குறிங்க. சமதளத்துல காத்தை வாங்குறவன் யாரு, மலையோட அடிவாரம் வரைக்கும் இழுக்குறவன் யாரு, கடைசி 5 கிலோமீட்டர் வரைக்கும் லீடரோட கூட நிக்கிறவன் யாரு. அப்புறம் ஒரு ஸ்பெஷல் கேள்வி: காலைல பிரேக்அவேல (கூட்டத்தை விட்டு முன்னாடியே தப்பிச்சுப் போற குரூப்) போயி முன்னாடி காத்திருந்து, லீடர் அட்டாக் பண்ணி வர்றப்ப பள்ளத்தாக்குல இழுத்து விடுற அளவுக்கு பலமானவன் இருக்கானா? யேட்ஸ் அந்த வருஷம்தான் விஸ்மா டீமுக்கு வந்திருந்தார், அங்க வவுட் வான் ஆர்ட் இருந்தார். 20ஆவது ஸ்டேஜ்ல நடந்தது அச்சு அசல் இதுதான், வான் ஆர்ட் முன்னாடியே பிரேக்ல போயிட்டார், யேட்ஸ் ஃபினெஸ்ட்ரேல தனியா தப்பிச்சு வந்தப்ப இறக்கத்துக்கு அப்புறம் அவர் முன்னாடி நின்னு இழு இழுன்னு இழுத்தார், காலைல 1 நிமிஷம் 21 விநாடி பின்னாடி மூணாவது இடத்துல இருந்த யேட்ஸ், கடைசில ரேஸையே 3 நிமிஷம் 56 விநாடி வித்தியாசத்துல ஜெயிச்சார்.

எதிர் பக்கம் பாருங்க. பிங்க் ஜெர்சி (மொத்த நேரத்துல முதல்ல இருக்குறவன் போடுறது) போட்டிருந்தது 21 வயசு மெக்ஸிகோ பையன் ஐசக் டெல் டோரோ, டீம் யூஏஈ. அயுசோ, ஆடம் யேட்ஸ் (ஆமா சைமனோட ட்வின்னேதான்), மக்னல்ட்டி, மய்கான்னு பேப்பர்ல பயங்கரமான டீம், ஆனா முக்கியமான அந்த நேரத்துல பையன் பக்கத்துல ஒருத்தன் கூட இல்ல. அவன் ரெண்டாவது இடத்துல இருந்த ஈக்வடார்காரர் ரிச்சர்ட் கராபாஸையே பாத்துக்கிட்டு இருந்தான், கராபாஸ் அவனையே பாத்துக்கிட்டு இருந்தார், ரெண்டு பேரும் நீ இழு நான் இழுக்க மாட்டேன்னு நிக்க, நடுவுல மூணாவது ஆளு கப்பை தூக்கிட்டு போயிட்டான். அதனால லிஸ்ட்ல முதல் ரெண்டு பேரை எழுதினதும், இவங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் போட்டா யாருக்கு லாபம்னு கேட்டு மூணாவது பேரை எழுதுங்க.

ஒரே டீம்ல ரெண்டு மூணு லீடர் இருந்தா ரிசல்ட் எப்படி வேணா போகும். 2023 வுவெல்டால ரெண்டு டூர் ஜெயிச்ச ஜோனாஸ் விங்கெகோர், ரோக்லிச் ரெண்டு பேரும் ஒரே டீம்ல இருந்தாங்க, ஜெயிச்சது அவங்களுக்கு வேலை செய்ய வந்த செப் குஸ். முதல் வாரத்துல பிரேக்அவேல போயி நேரம் சம்பாதிச்சார், அப்புறம் அவரை யாராலயும் இறக்க முடியல. அதனால பெரிய டீமோட நாலாவது அஞ்சாவது மலை ரைடருக்கு எப்பவும் ஒரு அரை ஸ்டார் ஒதுக்குங்க, டெல் டோரோவும் அந்த ஜிரோவுக்கு அப்படி வந்தவன்தான்.

இப்ப ஃபார்ம். மார்ச்ல பாரிஸ் நீஸ், டிர்ரேனோ, கட்டலூன்யா, ஏப்ரல்ல இட்சுலியா, ஆல்ப்ஸ், ரொமாண்டி, ஜூன்ல டோஃபினே (2026ல இருந்து பேரு டூர் ஓவெர்ன் ரோன் ஆல்ப்ஸ்), ஸ்விஸ்னு வரிசையா ரேஸ் இருக்கு. ரிசல்ட்டை அப்படியே நம்பாதீங்க. 2025 டோஃபினே டைம் ட்ரயல்ல அதுல ஸ்பெஷலிஸ்ட்டான எவெனபூல் முதல், விங்கெகோர் ரெண்டாவது, பல டூர் ஜெயிச்ச போகாச்சர் 48 விநாடி பின்னாடி. அன்னைக்கு ராத்திரியே போகாச்சருக்கு டைம் ட்ரயல் போச்சுன்னு ஆரம்பிச்சாங்க. நாலு வாரம்தான், ஜூலைல டூர்ல கேன்ங்கிற ஊர்ல நடந்த டைம் ட்ரயல்ல போகாச்சர் எவெனபூலுக்கு 16 விநாடிதான் பின்னாடி, விங்கெகோரோ போகாச்சர்கிட்டயே ஒரு நிமிஷத்துக்கு மேல இழந்தார். அந்த டோஃபினேவ ஒட்டுமொத்தமா ஜெயிச்சதும் போகாச்சர்தான், மலைல அவர் எப்படி போனார்ங்கிறத பாத்தவங்களுக்கு டூரையும் அவரே ஜெயிச்சது ஆச்சரியமே இல்ல. ஒரு நாள் நம்பரை விட, தொடர்ந்து ரெண்டு மூணு மலை நாள்ல ஆளு ஏறுறானா இறங்குறானாங்கிறத பாருங்க.

காயத்துல இருந்து வர்றவங்களை எப்படி கணக்கு பண்றது? 2023 ஏப்ரல்ல லியேஜ்ங்கிற ஒரு நாள் ரேஸ்ல விழுந்து போகாச்சருக்கு மணிக்கட்டு உடைஞ்சுது. அந்த டூர்ல முதல் ரெண்டு வாரம் விங்கெகோரோட விநாடி விநாடியா சண்டை, மூணாவது வாரத்துல கோம்ப்லூ டைம் ட்ரயல்ல 1 நிமிஷம் 38 விநாடி போச்சு, மறுநாள் கோல் டி லா லோஸ் மலைல மொத்தமா சரிஞ்சார். அடுத்த வருஷம் இட்சுலியால விழுந்து நுரையீரல் வரைக்கும் அடிபட்டது விங்கெகோருக்கு, 2024 டூர்ல அவர் ரெண்டாவது வந்தார், ஆனா 6 நிமிஷம் 17 விநாடி பின்னாடி. ட்ரெயினிங் விட்டுப்போனவன் முதல் வாரத்துல நல்லாவே தெரிவான், கடன் மாதிரி அது பின்னாடி வந்து நிக்கும். அதனால இப்படிப்பட்ட ஆளை லிஸ்ட்ல இருந்து தூக்காதீங்க, மூணாவது வாரம் மலை அதிகம்னா மட்டும் ஒரு ஸ்டார் குறைங்க.

மூணாவது வாரத்துக்குன்னு தனியா பழைய ரிசல்ட் தேடுங்க. ஒரு வார ரேஸ் ஜெயிச்சவன் எல்லாம் மூணு வாரம் தாங்குவான்னு இல்ல. சைமன் யேட்ஸ் கதையே இங்க ரெண்டு பக்கமும் வெட்டும். 2018 ஜிரோல பிங்க் ஜெர்சில இருந்துகிட்டு, இதே ஃபினெஸ்ட்ரே ஏறுன 19ஆவது ஸ்டேஜ்ல ஒரேயடியா உடைஞ்சு 38 நிமிஷத்துக்கு மேல இழந்தார், அன்னைக்கு கிறிஸ் ஃப்ரூம் சுமார் 80 கிலோமீட்டர் தனியா போயி ரேஸையே தூக்கிட்டார். ஆனா அதே வருஷம் வுவெல்டா ஜெயிச்சதும் யேட்ஸ்தான். ஒரு தடவை உடைஞ்சவன் எப்பவும் உடைவான்னு எழுதுறவங்க அந்த ரெண்டாவது வரிய படிக்கிறதே இல்ல.

இதெல்லாம் ஆச்சா, இப்ப எழுதலாம். ஸ்டார் மட்டும் போட்டா பாக்க அழகா இருக்கும், பிரயோஜனம் கம்மி. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல "இவன் ஜெயிக்கணும்னா என்ன நடக்கணும்"னு ஒரு வரி எழுதுங்க. ரோக்லிச்: விழாம சியெனாவ தாண்டணும், டைம் ட்ரயல்ல நேரம் எடுக்கணும். கராபாஸ்: டீம் சின்னது, அதனால யாரும் எதிர்பாக்காத இடத்துல அட்டாக் பண்ணணும். யேட்ஸ்: 20ஆவது ஸ்டேஜ் காலைல ரெண்டு நிமிஷத்துக்குள்ள இருக்கணும், முன்னாடி ஒரு ஆளு காத்திருக்கணும். இப்படி எழுதுறப்ப வரியே வராத பேரு இருந்தா அந்த ஆளு டாப் டென் ரைடர், ஜெயிக்கிற ரைடர் இல்ல, கூச்சப்படாம கீழ இறக்குங்க. எட்டு பத்து பேருக்கு மேல போகாதீங்க, இருபது பேரை எழுதிட்டு நான் அப்பவே சொன்னேன்ல ன்னு சொல்றது எல்லாம் ஒரு ப்ரிவ்யூவா. பெட்டிங் ரேட்டை பாத்து வரிசை போடுறதும் வேண்டாம், அது கூட்டம் என்ன நினைக்குதுங்கிறத மட்டும்தான் காட்டும்.

ஸ்டார்ட் லிஸ்ட் கடைசி ரெண்டு நாள் வரைக்கும் மாறும், அதுக்கு முன்னாடி எழுதினா டீம் பகுதிய மறுபடியும் சரிபாருங்க. ரேஸ் ஓடுறப்ப ஓய்வு நாள்ல மட்டும் லிஸ்ட்டை திறங்க, தினமும் மாத்திக்கிட்டு இருந்தா அது ப்ரிவ்யூவே கிடையாது. அந்த ஜிரோல கடைசி ஓய்வு நாளுக்கு மறுநாளே 16ஆவது ஸ்டேஜ்ல டெல் டோரோவோட லீடு ஒரு நிமிஷத்துக்கு மேல இருந்து 26 விநாடிக்கு இறங்குச்சு, அடுத்த நாள் போர்மியோல அவனே ஸ்டேஜ் ஜெயிச்சதும் எல்லாரும் முந்தின நாளை மறந்துட்டாங்க.

மத்த ஜெர்சிக்கெல்லாம் இவ்வளவு மண்டைய உடைக்க வேண்டாம். பாயிண்ட்ஸ் ஜெர்சிக்கு (ஸ்டேஜ் முடியுறப்ப முன்னாடி வர்றவனுக்கு கிடைக்கிற பாயிண்ட் கணக்கு), ஃபினிஷுக்கு முன்னாடி சின்ன சின்ன மேடு இருக்குற ஸ்டேஜ் எத்தனைன்னு எண்ணுங்க, அந்த மேட்டுல சுத்தமான ஸ்பிரிண்டர் கழண்டுடுவான், மேடும் ஏறி ஸ்பிரிண்டும் அடிக்கிறவனுக்கு கொள்ளை. அந்த ஜிரோல மேட்ஸ் பெடர்சன் அப்படித்தான் நாலு ஸ்டேஜ் அள்ளிட்டு பாயிண்ட்ஸ் ஜெர்சியையும் கொண்டு போனார்.