வெளிநாடு வந்த முதல் வாரமே ரவுட்டரில் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கமிருந்து புதிதாக வந்து வீடு பிடித்தவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தட்டுகிற தளத்தின் பெயருக்கு எண் முகவரி சொல்லும் சேவைதான் டிஎன்எஸ். வைஃபை பெட்டியான ரவுட்டரில் அதை மாற்றினால் நெட் வேகம் அதிகமாகிவிடாது. கல்லணையில் எவ்வளவு திறக்கிறார்களோ அவ்வளவுதான் நம் வாய்க்காலுக்கு வரும், நெட் கம்பெனி லைனும் அப்படித்தான். ஆடிப்பெருக்கன்று அம்மா வீடியோவில் படித்துறையைக் காட்டும்போது படம் நின்று நின்று வந்தால் அது லைன் கோளாறு. ஊர் டிவி ஆப் இங்கே ஓடாததற்கும் பெரும்பாலும் டிஎன்எஸ் காரணமில்லை, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை ஐபி முகவரியை (உங்கள் இணைப்புக்குரிய எண்ணை) வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்? டிஎன்எஸ் அந்த எண் முகவரியைச் சொல்லாவிட்டால் தளம் திறக்காது. வாட்ஸப் ஓடுகிறது, ஆனால் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

ரவுட்டர் அடியில் உள்ள ஸ்டிக்கரில் அதன் செட்டிங்குக்குள் போகும் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும், பல ரவுட்டர்களில் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பிரவுசரில் அதைத் தட்டி உள்ளே போய், இன்டர்நெட் செட்டிங்கில் டிஎன்எஸ் ஆட்டோமேட்டிக் என்றிருப்பதை மேனுவல் ஆக்குங்கள். பழைய எண்கள் தெரிந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 1.1.1.1, 1.0.0.1 (கிளவுட்ஃபிளேர்) அல்லது 8.8.8.8, 8.8.4.4 (கூகுள்) போடலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் 1.1.1.3, 1.0.0.3 நல்லது, ஆபாசத் தளங்களைத் தடுக்கும். ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) தனிக் கட்டத்தில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சேவ் செய்து ரவுட்டரை ஒரு தடவை அணைத்து மறுபடி போடுங்கள். சில கம்பெனி ரவுட்டர்களில் இதைத் தொடவே முடியாது, அப்போது ஆண்ட்ராய்டு போனில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில் டிஎன்எஸ் டாட் கூகுள் (dns.google) என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்தப் போனுக்காவது வேலை நடக்கும்.

தமிழ் சேனல் பெட்டி விற்பவர் “இந்த நம்பரைப் போடுங்க தம்பி” என்று ஏதாவது கொடுத்தால் தயவுசெய்து போடாதீர்கள். அந்த எண்ணுக்குரியவர் உங்கள் வங்கியின் பெயருக்கு வேறொரு முகவரியைக் கைகாட்ட முடியும். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற வைரஸ் இப்படித்தான் லட்சக்கணக்கான கணினிகளைத் திருப்பிவிட்டது, 2011இல்தான் அதை நடத்திய கும்பலைப் பிடித்தார்கள். ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

போன லீவில் திருவையாற்றில் எங்கள் வீட்டு ரவுட்டரைத் திறந்து பார்த்தேன். யாரோ போட்டுவிட்டுப் போன எண் ஒன்று இருந்தது, யாருடையது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. பென்ஷன் கணக்கை அவர் அந்த வைஃபையில்தான் பார்க்கிறார். நீங்களும் ஊருக்குப் போகும்போது வீட்டு ரவுட்டரை ஒரு தடவை திறந்து பாருங்கள்.